காட்டு வேலைக்கு வந்து மூன்று வாரம். மனைவி, மகளை வரச் சொல்லவா, வேண்டாமா?

கோவைக்காரன்40 (திங்கள் இரவு 9.20)

அனைவருக்கும் வணக்கம். பத்து மணிக்கு இங்கே ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், நெட்டும் அதோடு போய்விடும். அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். கோயம்புத்தூரில் பதினோரு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தேன். சொந்த ஃப்ளாட், கார், ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமனார் வீட்டில் சாப்பாடு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டேன். காட்டுக்குள் ஒரு கூடார விடுதியில் கணக்கும் கொள்முதலும் பார்க்கிற வேலை. டாப்ஸ்லிப்புக்கு அப்பா கூட்டிப்போன நாளிலிருந்தே காட்டில் வாழ வேண்டும் என்று ஆசை. நாற்பதில் செய்யாவிட்டால் எப்போது செய்வது என்று கிளம்பினேன்.

இப்போது பயமாக இருக்கிறது. விடுதியைச் சுற்றி வேலி கிடையாது. நேற்று ராத்திரி தலைமாட்டில், துணிக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒன்று புல்லைப் பிடுங்கித் தின்றது. அது மூச்சு விடுவதுகூடக் கேட்டது. விடிகிற வரை உட்கார்ந்தே இருந்தேன். தூக்கம் இல்லாததாலோ என்னவோ மூன்று நாளாக உடம்பெல்லாம் வலி, சாயங்காலம் ஆனால் லேசாகச் சூடு, சாப்பாடும் இறங்கவில்லை. எல்லாம் மனக்கவலைதான் என்று நினைக்கிறேன்.

மனைவிக்கும் ஆறு வயது மகளுக்கும் டிசம்பர் 6-க்கு டிக்கெட் போட்டாயிற்று. இன்னும் 12 நாள். வரச் சொல்லவா, கேன்சல் செய்யவா? இல்லை நானே திரும்பிவிடவா? பர்மிட்டும் இன்னும் வரவில்லை. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.


பனிக்காலம் (திங்கள் இரவு 9.41)

தம்பி, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கோ. நான் 1989-ல் டொராண்டோவுக்கு வந்து இறங்கினது ஒரு ஜனவரி மாதம். கையில் ஒரு மெல்லிய ஜாக்கெட். விடிய ஐந்து மணிக்கு ஃபாக்டரிக்கு நடந்து போவேன், கண் இமையில் பனி உறையும். அறையில் ஐந்து பேர், ஒருவரோடு ஒருவர் கதைக்க நேரம் இல்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வர இரண்டு மாதம். முதல் நான்கு மாதமும் ஒவ்வொரு இரவும் திரும்பிப் போகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் நினைக்கவில்லை. ஆறு மாதம் முடியாமல் ஒரு முடிவும் எடுக்காதேங்கோ. மனைவியை வரச் சொல்லுங்கோ. தனிமைதான் மனிதனைத் தின்னும், சிங்கம் இல்லை.


நைரோபி_வாசி (செவ்வாய் காலை 7.05)

ஆப்பிரிக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாடு, சகோ? 54 நாடுகள் இருக்கின்றன. சட்டம், மருந்து, பணம், மொழி எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. கென்யா என்றால் நான் சொல்கிறேன்: முதல் நாளே ஒரு சஃபாரிகாம் சிம் வாங்கி எம்-பெசா திறந்துவிடுங்கள். கீரைக்காரம்மாவுக்கும் அதில்தான் பணம். 2007-லேயே இங்கே வந்துவிட்டது, நம் ஊரில் ஜிபே வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால். பார்க்லேண்ட்ஸ் பக்கம் வீடு பார்த்தால் இட்லி அரிசி முதல் எல்லாம் கிடைக்கும். நான் வந்த புதிதில் இது தெரியாமல் மூன்று மாதம் ரொட்டியும் முட்டையுமாக இருந்தேன்.


கோவைக்காரன்40 (செவ்வாய் காலை 7.30)

மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். தான்சானியா. செரங்கெட்டி தேசியப் பூங்கா, செரொனேரா பக்கம். கீரை, இட்லி எல்லாம் இங்கே நினைத்துப் பார்க்கவே முடியாது. கேம்ப் சமையல்காரர் வெள்ளைக்காரர்களுக்குச் செய்வதைத்தான் எங்களுக்கும் தருகிறார், இல்லாவிட்டால் உகாலி என்கிற மக்காச்சோளக் களி. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ராத்திரி வருகிறேன்.


அருஷா_அக்கா (செவ்வாய் காலை 9.12)

தம்பி, நான் தான்சானியாவின் வடக்கே அருஷா நகரத்தில் 14 வருடமாக இருக்கிறேன். கீரை இல்லை என்று எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாமெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் தேடுகிறோம், அங்கே இருக்காது. சந்தையில் இருக்கிறது, வேறு பெயரில். ம்ச்சிச்சா என்று கட்டுக்கட்டாக விற்பது நம் தண்டுக்கீரை இனம்தான். பாமியா என்றால் வெண்டைக்காய். ம்பாசி என்றால் துவரை. அதுவும் இந்த நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகிற துவரை, நம் வீட்டு சாம்பாரில் எத்தனை தடவை கலந்திருக்குமோ. சோரோகோ என்றால் பச்சைப்பயறு, குண்டே என்றால் காராமணி, உக்வாஜு என்றால் புளி. ம்லோங்கே மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், முருங்கை நிற்கும். இலையைப் பறித்துக் கொடுத்துவிட்டு உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

உலேசி என்று ஒன்று விற்பார்கள், கேழ்வரகு. அதன் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான். இங்கே காலையில் அதில் கஞ்சி காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள், உஜி என்று பெயர். நான் வந்த முதல் மழைக்காலத்தில், கர்ப்பமாக இருந்தேன், எதுவும் வயிற்றில் தங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒரு குவளை உஜி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் என் பாட்டி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஏன் அழுகிறேன் என்று புரியவில்லை, ‘போலே, போலே’ என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வருத்தப்படாதே என்று அர்த்தம்.

கொள்முதல் உங்கள் வேலைதானே? அருஷாவிலிருந்து வாராவாரம் வருகிற லாரியில் கிலொம்பெரோ சந்தைச் சாமானும் ஏற்றச் சொல்லுங்கள். சமையல்காரரிடம் பணிவாகக் கேட்டு ஒரு பர்னரை வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்தால் பயம் பாதி போகும். குடும்பம் வரட்டும்.


தார்_சலாம்_செல்வம் (செவ்வாய் மதியம் 12.40)

அக்கா சொன்னது சாப்பாட்டுக்குச் சரி. குடும்பம் வரட்டும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பர்மிட் இல்லாமல் யாரையும் வரச் சொல்லாதீர்கள்.

நண்பரே, எந்த விசாவில் வந்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஈ-விசாவுக்கு 50 டாலர் கட்டினீர்களா, 250 டாலர் கட்டினீர்களா? 50 என்றால் அது சுற்றுலா விசா, அதில் ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. 250 என்றால் பிசினஸ் விசா, அது குறுகிய காலத்துக்கு மட்டும். நிரந்தர வேலைக்கு இரண்டு தாள் வேண்டும்: தொழிலாளர் துறை கொடுக்கும் வேலை அனுமதி ஒன்று, குடிவரவுத் துறை கொடுக்கும் க்ளாஸ் பி குடியிருப்பு அனுமதி ஒன்று. ஒன்று வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மனைவி, குழந்தைக்கு அதற்கு அப்புறம்தான் டிபெண்டன்ட் பாஸ்.

நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் ‘வந்துகொண்டே இருக்கிறது’ என்று ஐந்து மாதம் சொன்னார்கள். ஒரு நாள் காலையில் அதிகாரிகள் ஆபீசுக்கு வந்தார்கள். நான் பின் அறையில் அரை நாள் உட்கார வைக்கப்பட்டேன். என் மனைவிக்கு ஊரில் விஷயம் தெரியாது, அன்றைக்கு அவளுடைய பிறந்தநாள். அபராதமும் நானே கட்டினேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? கம்பெனியிடம் என்றால் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வாங்கி, வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.


புல்வெளி_ஆள் (செவ்வாய் மதியம் 2.15)

செரங்கெட்டியில் ஆறு வருடம் கேம்ப் வேலை பார்த்தவன். உங்கள் தலைமாட்டில் நின்றது அநேகமாகக் காட்டெருமை, ஆறு பக்கத்தில் இருந்தால் நீர்யானை. புல் மேய வந்தது, உங்களைத் தேடி வரவில்லை. ஜிப் மூடிய கூடாரத்தை அவை ஒரு பாறை மாதிரிதான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ஜிப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிற வேலையை ஒரு போதும் செய்யாதீர்கள். இருட்டிய பின் அஸ்காரி (கேம்ப் காவலாளி) இல்லாமல் கழிப்பறைக்குக்கூட நடக்காதீர்கள். பழம், பிஸ்கட், வாசனைச் சோப்பு எதையும் கூடாரத்தில் வைக்க வேண்டாம். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். நீலம், கறுப்புச் சட்டைகளை மூட்டை கட்டிவிடுங்கள், தூக்க நோயைப் பரப்புகிற செட்சி ஈ அந்த நிறத்துக்குத்தான் வரும். வழியில் மரத்தில் தொங்குகிற நீல-கறுப்புத் துணிகள் அதற்கு வைத்த பொறி.

சிறுமழை தொடங்கிவிட்டது அல்லவா? அங்கே பல இடங்களில் மண் அப்படியே நம் கோவில்பட்டிக் கரிசல். காய்ந்திருந்தால் இரும்பு, நனைந்தால் களிம்பு. மழை நாளில் லாரி ஒரு நாள், இரண்டு நாள் தள்ளித்தான் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. டிரைவர்களிடம் நேரம் சொல்லும்போது கவனம். சுவாஹிலியில் மணி விடியலிலிருந்து தொடங்கும். காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, எட்டு என்றால் இரண்டு மணி. நம் தாத்தாக்கள் சூரியன் உதித்ததிலிருந்து நாழிகை எண்ணியது மாதிரிதான். இது தெரியாமல் நான் ஒரு விருந்தாளியை விமான ஓடுதளத்தில் ஆறு மணி நேரம் காக்க வைத்துவிட்டேன். ஆறு மணிக் கணக்கு மாறிப்போனால் என்ன ஆகும் பாருங்கள்.

குழந்தையை கேம்ப்பில் வைக்கவே முடியாது, வேலியில்லாத கேம்ப்பில் பெரும்பாலும் அனுமதிக்கவும் மாட்டார்கள். எல்லோரும் குடும்பத்தை அருஷாவில் வைத்துவிட்டு ஆறு வாரம் வேலை, இரண்டு வாரம் லீவு என்று போய்வருவோம்.


காட்டுப்பூ (செவ்வாய் மதியம் 3.02)

குழந்தையை வைக்கவே முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. நாங்கள் ஜாம்பியாவில் இரண்டு பிள்ளைகளோடு பூங்கா ஓரத்தில்தான் ஏழு வருடம் இருந்தோம். அவர்களுக்கு மரத்தின் பெயர், தடத்தின் பெயர் எல்லாம் தெரியும். வேலியோடு வீடு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலேரியா மாத்திரையெல்லாம் மாதக்கணக்கில் போட எனக்குப் பயம். நாங்கள் நிலவேம்புக் கஷாயம்தான் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை.


நைரோபி_வாசி (செவ்வாய் மாலை 5.20)

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் லண்டன் போகிறேன் என்றால் மாலை போட்டிருப்பார்கள். நைரோபி என்றதும் என் சித்தப்பா ‘என்னப்பா, ஏதாவது பிரச்சினையா’ என்று கேட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் ஊர் பெயரைக் கேட்டதும் காபியோடு அனுப்பிவிட்டார்கள். இங்கே எனக்கு விபத்து நடந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என் டாக்சி டிரைவர்தான். அவரைப் பற்றி ஊரில் பேசும்போது அவருடைய நிறத்தைச் சொல்லித்தான் கேள்வியே கேட்கிறார்கள். கேட்கும்போது நெஞ்சு எரிகிறது.


பனிக்காலம் (செவ்வாய் மாலை 5.48)

உண்மை தம்பி. எங்களுக்கும் ஒரு காலத்தில் இங்கே வாடகைக்கு வீடு தர மறுத்தவர்கள் உண்டு. அதை அனுபவித்தவர்களே இன்னொருவரை அப்படிக் கதைப்பதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்காது.


தார்_சலாம்_செல்வம் (செவ்வாய் மாலை 6.10)

ஏஜென்ட்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். எவ்வளவு வாங்குகிறார்கள், ஒரு தாள்கூட தமிழில் விளக்கிச் சொல்வதில்லை. டிக்கெட் விலையோ டிசம்பரில்...


ஏரிக்கரை_நர்ஸ் (செவ்வாய் இரவு 8.06)

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். முதல் பதிவை மறுபடி படியுங்கள். மூன்று வாரத்துக்கு முன் வந்தவர். மூன்று நாளாக உடம்பு வலி, மாலையில் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. இன்றைக்கு நான்காவது நாள். நாம் எல்லோரும் சாம்பாரும் விசாவும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தம்பி, நான் ம்வான்சாவில் ஒன்பது வருடமாக நர்ஸ். இது மனக்கவலையாகவும் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டில் காய்ச்சல் என்றால் முதலில் மலேரியா பரிசோதனை, அப்புறம்தான் மற்ற யோசனை. இங்கே அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை. அது ஒரே நாளில் மோசமாகிவிடக்கூடியது. இப்போதே, இந்த நிமிடமே, மேனேஜரை எழுப்பிச் சொல்லுங்கள். கேம்ப் முதலுதவிப் பெட்டியில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற எம்.ஆர்.டி.டி. அட்டை அநேகமாக இருக்கும், இருபது நிமிட வேலை. இல்லையென்றால் செரொனேரா மருத்துவ நிலையத்துக்கு வண்டி கேளுங்கள்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். தடுப்பு மாத்திரை போடுகிறீர்களா? வந்த புதிதில் எங்கே தங்கினீர்கள்? ஈ கடித்த இடத்தில் ஆறாத புண் எதுவும் இருக்கிறதா?

வாந்தி நிற்காமல் வந்தால், பேச்சு குழறினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் கறுத்தால் மறுநாளுக்குக் காத்திருக்கக் கூடாது. நைரோபியிலிருந்து அம்ரெஃப் விமான ஆம்புலன்ஸ் வரும். கம்பெனி அதற்குச் சந்தா கட்டியிருக்கிறதா என்று மேனேஜரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

காட்டுப்பூ அக்கா, உங்கள் பிள்ளைகள் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நிலவேம்பு இந்த மலேரியாவைத் தடுக்காது. இதை நம்பி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள்.


கோவைக்காரன்40 (செவ்வாய் இரவு 9.02)

அக்கா, இப்போதுதான் பார்த்தேன். நேற்றைவிடக் குளிர் அதிகமாக நடுங்குகிறது. டாக்சிசைக்ளின் வாங்கி வந்தேன், நாலு நாள் போட்டதும் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன். ங்கோரோங்கோரோ மேட்டில் அவ்வளவு குளிர், அதைத் தாண்டி வந்ததால் இங்கேயும் கொசு இருக்காது என்று நினைத்துவிட்டேன். வரும் வழியில் இரண்டு ராத்திரி ம்டோ வா ம்பு என்ற ஊரில் தங்கினோம். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினேன். புண் இல்லை. மேனேஜரிடம் போகிறேன்.


புல்வெளி_ஆள் (செவ்வாய் இரவு 9.06)

தம்பி, ம்டோ வா ம்பு என்றால் கொசு ஆறு என்று அர்த்தம். நான் மதியமே வழியைக் கேட்டிருக்க வேண்டும். நீங்களே நடந்து போகாதீர்கள், அஸ்காரியை விசில் அடித்துக் கூப்பிடுங்கள்.


கோவைக்காரன்40 (செவ்வாய் இரவு 9.37)

இரண்டு கோடு. மலேரியாதான். செரொனேராவிலிருந்து மருத்துவ உதவியாளர் போனில் சொல்லி மாத்திரை ஆரம்பித்துவிட்டோம், ம்செட்டோ என்கிறார்கள். இன்றைக்கு ஜெனரேட்டரை எனக்காக ஓடவிட்டிருக்கிறார்கள். அஸ்காரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.


ஏரிக்கரை_நர்ஸ் (செவ்வாய் இரவு 9.44)

நல்லது. ஆறு வேளை, மூன்று நாள். இரண்டாவது வேளை எட்டு மணி நேரம் கழித்து, அதன் பின் காலையும் இரவும். ஒவ்வொரு தடவையும் பால் அல்லது நெய் சேர்ந்த ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், கொழுப்பு இருந்தால்தான் மருந்து உடம்பில் சேரும். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும், சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதீர்கள். இரவு தனியாகத் தூங்க வேண்டாம். மனைவியிடம் நீங்களே பேசுங்கள், வேறு யார் சொல்லியும் தெரியக் கூடாது.


கோவைக்காரன்40 (வியாழன் காலை 10.15)

நான்காவது வேளை இப்போதுதான் போட்டேன். நேற்று நள்ளிரவில் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது, காலையில் பசித்தது. சமையல்காரர் எங்கிருந்தோ உலேசி வாங்கி உஜி காய்ச்சிக் கொடுத்தார். அருஷா அக்கா, நீங்கள் எழுதியதைத்தான் அவரிடம் காட்டினேன். செவ்வாய் இரவு முழுக்க அஸ்காரி கூடவே இருந்து அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

மனைவி அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் தேதியை மாற்றச் சொல்லிவிட்டாள். செல்வம் அண்ணா, 250 டாலர் விசாதான். வேலை அனுமதி வந்துவிட்டது, குடியிருப்பு அனுமதி பாக்கி. பாஸ்போர்ட் கம்பெனியிடம், ஸ்கேன் கேட்டிருக்கிறேன். திரும்பிப் போக மனமில்லை. இப்போது எதை முதலில் செய்யட்டும்?


தார்_சலாம்_செல்வம் (வியாழன் காலை 10.50)

க்ளாஸ் பி கையில் வருகிற வரை டிக்கெட் தேதியை நிச்சயம் செய்யாதீர்கள். ஓபனாக மாற்ற முடியுமா என்று ஏர்லைனிடம் கேளுங்கள். அதற்குள் திருமணப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஊரில் அட்டெஸ்டேஷன் செய்து வைக்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் நேரம் பிடிப்பது அதுதான்.


ஏரிக்கரை_நர்ஸ் (வியாழன் காலை 11.20)

கடைசி வேளைக்கு அப்புறம் செரொனேராவில் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். பிறகு தடுப்பு மாத்திரை மறுபடி. டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தால் நெஞ்செரிச்சல் வராது. அப்படியும் முடியாவிட்டால் டாக்டரிடம் வேறு மாத்திரை கேளுங்கள். மகளுக்கு அது கூடாது, எட்டு வயதுக்குக் கீழே டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை. கோவையிலேயே குழந்தை டாக்டரைப் பார்த்து அவளுக்கு ஏற்ற தடுப்பு மாத்திரை எது என்று கேட்டு, எடைக்குத் தகுந்த அளவில் வாங்கி வரட்டும். அடிஸ் அபாபா வழியாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டுவிடுவது நல்லது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட வேண்டும், மஞ்சள் அட்டை ஆயுளுக்கும் செல்லும்.


அருஷா_அக்கா (வியாழன் மதியம் 12.05)

அவர்கள் வரும்போது என் வீட்டிலேயே முதல் வாரம் தங்கட்டும், தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் புளி, துவரை, ராகி எதுவும் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. பெருங்காயம், வடகம், மகளுக்குப் பிடித்த ஊறுகாய், இது போதும். ஒரு முக்கியமான விஷயம்: 2019 ஜூன் முதல் இந்த நாட்டுக்குள் பிளாஸ்டிக் கேரி பை கொண்டுவரத் தடை, ஏர்போர்ட்டிலேயே வாங்கிவிடுவார்கள். நம் ஆட்கள் ஒவ்வொரு பொட்டலத்தையும் மூன்று கவரில் கட்டுவார்கள். துணிப்பையிலும் டப்பாவிலும் கட்டச் சொல்லுங்கள்.


புல்வெளி_ஆள் (வியாழன் மதியம் 12.31)

நீங்கள் அவர்களைப் பார்க்க அருஷாவுக்குச் சின்ன விமானத்தில் வந்தால் 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற பையில். சூட்கேஸ் ஏற்ற மாட்டார்கள்.


கோவைக்காரன்40 (வியாழன் மதியம் 1.10)

எழுதி வைத்துக்கொண்டேன். லாரி நாளை வருகிறது, மழை பெய்யாவிட்டால். ம்ச்சிச்சா 10 கட்டு, ம்பாசி 5 கிலோ, கொசுவலை 4 என்று கிலொம்பெரோவுக்கு ஆர்டர் அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவது வேளை இரவு ஒன்பதரைக்கு. பால் எடுத்து வைத்திருக்கிறேன்.